மாயாற்றங்கரையில் கேமரா

முக்குருத்தி மலைப்பகுதியில் பைக்காரா என்ற பெயரோடு புறப்படும் ஆறு, நீலகிரியை விட்டு வடக்கே இறங்கியதும் மாயாறு ஆகிறது. மோயாறு என்று எழுதுவோரும் உண்டு. முதுமலைக்கும் கர்நாடகத்தின் பந்திப்பூருக்கும் எல்லையாக ஓடும் இந்த ஆறு, மாயாறு என்றே பெயர் கொண்ட சிற்றூருக்கு அருகே அருவியாக விழுகிறது. பிறகு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழமான பள்ளத்தாக்கின் வழியே கிழக்கே போய், பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. தென்னிந்தியக் காட்டுயிர்ப் படக்கலையின் வரலாற்றில் பெரும்பகுதியை இந்த ஒரு கரையை வைத்தே சொல்லிவிட முடியும்.

அதற்கு நிலமே காரணம். நீலகிரி மலை தென்மேற்குப் பருவமழையை மறிப்பதால் மசினகுடி, சீகூர் பக்கம் மழைமறைவுப் பகுதியாகிறது. பிப்ரவரி பிறந்தால் காட்டோடைகள் வற்றத் தொடங்கும். யானை, காட்டெருது, புள்ளிமான், கடமான் எல்லாம் ஆற்றை நாடி வரும். அவற்றின் பின்னால் புலியும் செந்நாயும் வரும். கோடையிலும் பள்ளத்தாக்கில் நீர் ஓடுவதற்கு, 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்திட்டமும் அதன் தொடர்ச்சியாக வந்த மின்நிலையமும் வெளியேற்றும் தண்ணீரும் ஒரு காரணம். படம் எடுப்பவருக்கு ஆறு வேறு இரண்டு உதவிகளையும் செய்தது. அடர்ந்த மரநிழலில் பழைய படச்சுருள்களுக்குப் போதுமான வெளிச்சம் இருக்காது. ஆற்றின் மேல் மட்டும் வானம் திறந்திருக்கும். கேமராவின் ‘கிளிக்’ ஓசையை நீரோட்டத்தின் இரைச்சல் விழுங்கிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே கேமரா வந்தபோது அதன் முன் நின்றவை உயிருள்ள விலங்குகள் அல்ல. கண்ணாடித் தகடுகளையும் கனத்த முக்காலியையும் சுமந்து திரிந்த காலம் அது. நொடிக்கணக்கில் அசையாமல் நிற்கும் பொருளையே தெளிவாகப் பிடிக்க முடியும். 1870களில் இருந்து உதகமண்டலத்தில் தொழில் நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென் மலைகளையும் தோட்டங்களையும் தோதவர்களையும் படமாக்கினார். விலங்குகள் பதிவானது பெரும்பாலும் வேட்டைக்குப் பிறகுதான்: சுட்டு வீழ்த்திய புலி, அதன் அருகே துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர், ஓரத்தில் பெயர் குறிக்கப்படாத உள்ளூர்த் தடம்பார்ப்பவர். வேட்டை விலங்குகள் குறைந்ததைக் கண்டு வேட்டைக்காரர்களே 1877-இல் சங்கம் அமைத்தார்கள். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதன் இடத்தைக் கேமரா பிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

அந்த மாற்றத்துக்கு வழி காட்டியவை வடக்கே நடந்த முயற்சிகள். ஐக்கிய மாகாணத்தின் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன், விலங்கின் கால் பட்டதும் விளக்கு மின்னிப் படம் விழும்படி காட்டுப்பாதைகளில் கம்பி கட்டினார். அப்படிக் கிடைத்த புலிப் படங்கள் 1925-இல் லண்டன் இதழொன்றில் வெளியாயின. இரண்டு ஆண்டுகளில் புத்தகமும் வந்தது. அவரைப் பார்த்துக் கேமராவுக்கு மாறிய வேட்டைக்காரர் ஜிம் கார்பெட், குமாவுன் அடிவாரத்தில் ஓர் ஓடையையே படப்பிடிப்புத் தளமாக்கினார். திரைப்படக் கேமரா ஓடும் சத்தத்தில் புலிகள் மிரண்டதால், சிறுசிறு அணைகளைக் கட்டி நீரின் ஓசையைக் கூட்டினார். ஓடும் நீரின் இரைச்சல் படமெடுப்பவருக்கு எப்படித் துணை நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை.

முதுமலை 1940-இல் சரணாலயமானது. அப்போது அதன் பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர்தான். பின்னர் 1977 வரை படிப்படியாக விரிந்து 321 சதுர கிலோமீட்டர் ஆனது. இந்த வளர்ச்சி நடந்த காலத்தில்தான் மா. கிருஷ்ணன் இங்கே படம் எடுத்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். ஆங்கிலத்திலும் தமிழிலும் அவர் எழுதியவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், இந்தத் துறையில் தென்னாட்டில் அவருக்கு இணையாக ஒருவரைச் சொல்வது கடினம்.

அவர் கையாண்ட கேமரா கடையில் வாங்கிய வடிவில் இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் உடல், இன்னொன்றின் தொலைநோக்கு வில்லை, தாமே சேர்த்த துண்டுகள் என்று ஒட்டுப்போட்ட அந்தக் கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையை விட்டு அவர் மாறவே இல்லை. நிறம் கண்ணைக் கவர்ந்துகொள்ளாதபோது, யானையின் தோலில் உள்ள மடிப்பும் காட்டெருதின் தோள் திரட்சியும் தெளிவாக எழுந்து வருகின்றன. அவருடைய படங்களைப் பார்ப்பவருக்கு அந்தப் பிடிவாதத்தின் நியாயம் விளங்கும்.

படங்களில் பலவற்றை அவர் யானை மேலிருந்து எடுத்தார். மாயாற்றின் கரையில் உள்ள தெப்பக்காடு முகாம், காட்டில் மரம் இழுக்கும் யானைகளை வைத்திருந்த இடம். பழகிய யானையின் முதுகில் மனிதர் அமர்ந்து வந்தால் மானும் காட்டெருதும் அதிகம் மிரளுவதில்லை. உண்ணிச்செடிப் புதருக்கும் உயர்ந்த புல்லுக்கும் மேலே பார்வை கிடைக்கும். ஆனால் யானை மூச்சுவிடுவதே போதும், மங்கலான வெளிச்சத்தில் படம் கலங்கிவிடும். சரியான கோணத்தில் அதைக் கொண்டுபோய், ஒரு கணம் அசையாமல் நிறுத்துவது பாகனின் வேலை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எதிரே நிற்கும் காட்டு யானை விலகுமா விரட்டுமா என்று முன்கூட்டிச் சொல்வதும் அவரே. இந்த முகாமின் பாகன்களிலும் அவர்களுக்கு உதவும் காவடிகளிலும் பலர் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மாயாற்றங்கரையின் புகழ்பெற்ற படங்களில் பாதிப் பங்கு அவர்களுடையது என்று சொன்னால் மிகையாகாது.

1968-இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் பற்றிக் கிருஷ்ணன் செய்த கள ஆய்வு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்து, 1975-இல் நூலானது. அதில் படம் அழகுக்காகச் சேர்த்தது அன்று. எந்தக் காட்டில் எது, எந்த நிலையில் இருந்தது என்பதற்கான சான்று.

அதே காலத்தில் குன்னூர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார், சீகூர் ஆற்றோரம் ‘சீத்தல் வாக்’ என்ற வீட்டைக் கட்டினார். படம்பிடிக்க அலையாமல், விலங்குகள் வந்துபோகும் வழியிலேயே வாழ்ந்து கவனித்த முறை அவருடையது. கொன்றொழிக்க வேண்டிய பிராணி என்று கருதப்பட்ட செந்நாயைப் பற்றி 1970களில் அவர் எழுதியவை பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாயின. கிருபாகர், சேனானி என்ற கர்நாடகப் படக்கலைஞர்கள் இருவர் பல ஆண்டுகள் இதே காடுகளில் செந்நாய்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்து ஆவணப்படங்கள் எடுத்தார்கள்.

1972-இல் வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரத்தக்க காரணங்களில் ஒளிப்படம் எடுப்பதையும் சேர்த்தது. வேட்டைத் துப்பாக்கி சட்டப்படி வெளியே நிற்க, கேமரா உள்ளே போகும் நிலை வந்தது. தந்தத்தின் வளைவையும் காதுமடலின் கிழிசலையும் படத்தில் ஒப்பிட்டு யானைகளைத் தனித்தனியே அடையாளம் காண ஆய்வாளர்கள் பழகினார்கள். புலியின் கோடுகள் ஒன்றுக்கு ஒன்று மாறுபடும் என்று சாம்பியன் கண்டது, தானியங்கிக் கேமராவால் புலிகளைக் கணக்கிடும் முறைக்கு அடிப்படையானது. முதுமலை 2007-இல் புலிகள் காப்பகமானது.

பள்ளத்தாக்கில் கேமராவுக்கு இன்னொரு வேலையும் வந்தது. மாட்டுக்குப் போட்டுவந்த டைக்ளோஃபினாக் மருந்தால், சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் நாடெங்கும் மடிந்தபோது, தென்னிந்தியாவில் அவை கூட்டமாக எஞ்சிய இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. வெண்முதுகுப் பாறு கரையோர நீர்மத்தி மரங்களின் உச்சியில் கூடு கட்டும். மரத்தை நெருங்கினால் பறவை கூட்டைக் கைவிடக்கூடும் என்பதால், தொலைவில் இருந்தே படம் எடுத்துக் கூட்டையும் குஞ்சையும் கணக்கிட வேண்டியிருந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது.

டிஜிட்டல் கேமராவும் கைபேசியும் வந்தபின் கூட்டம் பெருகியது. சீகூர் மேட்டுநிலத்தில் விடுதிகள் முளைத்து யானை வழித்தடத்தை அடைத்தன. அந்த வழித்தடத்தை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. சாலையோரம் வண்டியை நிறுத்தி யானையோடு தற்படம் எடுப்பது குற்றம் என்று வனத்துறை எச்சரிக்கும் நிலை இன்றைக்கும் இருக்கிறது.

உதகையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் கார்த்திகி கொன்சால்வ்ஸ், தாயை இழந்த ரகு, அம்மு என்ற இரு யானைக்குட்டிகளைத் தெப்பக்காடு முகாமில் வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ என்ற அந்தப் படம் 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றது. கேமராவுக்குப் பின்னால் யானையை நிறுத்திப் பிடித்தோரின் காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த இருவர், இந்தப் படத்தில் மாயாற்றங்கரையில் கேமராவுக்கு முன்னால், தம் சொந்தப் பெயர்களோடு நிற்கிறார்கள்.