வேதமும் யந்திரமும்

யந்திரம் பெருகினால் பக்தி குன்றும் என்பார் ஒரு சாரார். மதம் உள்ளவரை யந்திர அறிவு தழைக்காது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் தோட்டப்புறத்திலும் கேட்கிறோம், ஈப்போ நகரத் தேநீர்க் கடைகளிலும் கேட்கிறோம். இரண்டும் சரித்திரத்தை நோக்காது சொல்லப்படுபவை. இந்திய எழுத்துகளில் முதன்முதல் அச்சேறிய நூல் தமிழ் நூல். அது கத்தோலிக்க ஜெபங்களைக் கூறும் சிறு நூல். அதை அச்சிடப் பொருள் உதவியவர் கடலில் மூழ்கி முத்தெடுத்துப் பிழைத்த பரதவர். ஆகவே வேதமும் யந்திரமும் கூடுமா என்பது கேள்வியன்று. அவை கூடி 400 யாண்டுகளுக்கு மேலாயின. அக்கருவி யாருடைய மொழியில் பேசிற்று, யாருடைய பொருளால் நடந்தது, யாருடைய கையில் இருந்தது என்பனவே ஆராயத்தக்க கேள்விகளாம்.

முதற் கருவி அச்சுப்பொறியன்று, ஒரு கைமணி. 1542-ஆம் ஆண்டு இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறையில் மணியை அசைத்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். அவருக்குத் தமிழ் சரளமாக வாராது. மொழி அறிந்த சிலரைத் துணைக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாம் மனனம் செய்து, மக்களுக்கும் மனனம் செய்வித்தார். 1545-இல் அவர் மலாக்கா வந்தபொழுதும் இம்முறையையே கையாண்டார். மணியோசை எல்லோர் காதிலும் விழும். ஆனால் மணி ஓய்ந்ததும், கேட்டவர் நெஞ்சில் நின்றது எவ்வளவோ அவ்வளவே எஞ்சும். எழுத்தின் தேவை இங்கே தோன்றிற்று.

அத்தேவை முதலில் நிறைவேறியது தமிழ்நாட்டிலன்று; போர்த்துக்கல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனில். 1554-ஆம் ஆண்டு அங்கே ஒரு ஜெபநூல் அச்சாயிற்று. இந்தியாவிலிருந்து சென்றிருந்த கிறிஸ்தவர் மூவர் அதை மொழிபெயர்த்தனர். தமிழ் வாக்கியங்களே அதில் உள்ளன; எழுத்தோ ரோமன் எழுத்து. தமிழ் எழுத்து வார்க்கும் வகையை அங்கே எவரும் அறியார். எனவே தமிழ்ச் சொல் பிறர் உடையை அணிந்து வெளிவந்தது. போர்த்துக்கேயப் பாதிரிமார் அந்நூலைப் பார்த்துத் தமிழ் ஜெபம் சொல்லலாம். முத்துக்குளிக்கும் பரதவனுக்கோ, அவனுக்கு எழுத்துக் கற்பித்த அண்ணாவிக்கோ, அதனால் யாதும் பயன் இல்லை. மொழி தமிழேயாயினும் நூல் தமிழருடையதன்று. இதனை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

இக்குறையை உணர்ந்து நீக்க முயன்றவர் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் என்னும் சேசு சபைத் துறவி. போர்த்துக்கலில் 1520-இல் பிறந்து, 1546-இல் இந்தியா வந்து, 1600-இல் இறக்கும்வரை தம் வாழ்நாளைப் பெரும்பாலும் முத்துக்குளித்துறையிற் கழித்தவர். அவர் தமிழை இலக்கண முறையிற் கற்றார்; பிறர் கற்கும்பொருட்டுத் தமிழ் இலக்கணமும் எழுதினார். இந்தியாவுக்கு அச்சுப்பொறி முன்னரே வந்திருந்தது. அபிசீனியா நாட்டுக்கென்று அனுப்பப்பட்ட பொறி ஒன்று 1556-இல் கோவாவில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அது ஐரோப்பிய எழுத்தையே அறியும். தமிழ் எழுத்து வேண்டுமாயின் ஒவ்வோர் எழுத்துக்கும் உருச் செதுக்கி, வார்ப்பு அமைத்து, ஈயம் உருக்கி வார்த்தாக வேண்டும். ரோமன் எழுத்துக்கு ஐம்பது அறுபது அச்சு போதும். தமிழுக்கோ உயிர்மெய்களையும் சேர்த்து அதைப்போற் பன்மடங்கு வேண்டும்.

பரதவர் பொருள் திரட்டி ஈந்தனர். கைத்தொழில் வல்ல ஜுவான் கொன்சால்வஸ் என்னும் சகோதரர் 1577-இல் கோவாவில் எழுத்து வார்த்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜுவான் தெ பாரியா என்பவர் வேறோர் எழுத்து வார்த்தார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். மறு ஆண்டு கொச்சியில் "கிரீசித்தியானி வணக்கம்" என்னும் பெரிய நூலும், 1580-இல் பாவசங்கீர்த்தன நூலும், 1586-இல் "அடியார் வரலாறு" என்னும் பெருநூலும் அச்சேறின. 1554-க்கும் 1578-க்கும் இடையே உள்ள தொலைவு 24 ஆண்டுகளே. அந்த 24 ஆண்டுகளில் தமிழ் பிறர் எழுத்தினின்றும் தன் எழுத்துக்கு மீண்டது.

இவ்வளவு சீராகத் தொடங்கியது ஏன் தொடர்ந்து வளரவில்லை? 1586-க்குப் பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் தமிழச்சு உறங்கிற்று. 1677-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் இக்னேசியஸ் ஆச்சாமணி என்பார் மரத்தில் எழுத்து வெட்டி அதனை மீண்டும் எழுப்பினார். 1679-இல் அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி அங்கே அச்சாயிற்று. அம்முயற்சியும் நெடிது நில்லாது மறைந்தது. நாம் கேட்ட மூன்று கேள்விகளுள் முதல் இரண்டிற்கும் கொல்லத்து அச்சகம் நல்ல விடை தந்தது: மொழி தமிழ், பொருள் தமிழர் பொருள். மூன்றாவது கேள்விக்கே விடை இல்லை. எழுத்து வார்ப்பவர், அச்சுக் கோப்பவர், எது அச்சேறலாம் எனத் தீர்ப்பவர் யாவரும் சபையினர். பரதவர் பணம் தந்தனர்; தொழிலைப் பெறவில்லை. குருமார் மாறினால், பொறி வேறிடம் போனால், யாவும் நின்றுவிடும். மக்கள் மீண்டும் ஓலையையும் எழுத்தாணியையும் நாடினர். கருவி பிறர் கையில் இருக்கும்வரை அதன் ஆயுளும் பிறர் கையிலேயே இருக்கும்.

உண்மையை மறைத்தல் சரித்திரமாகாது. தமிழுக்கு எழுத்து வார்த்த அதே திருச்சபைதான் 1559-இல் உரோமையில் தடைநூற் பட்டியலையும் வெளியிட்டது. அப்பட்டியல் 1966-இலேதான் சட்ட வலிமை இழந்தது. ஒரு கையால் அச்சுப்பொறியை அணைத்து மறு கையால் அதன் வாயைப் பொத்திய காலம் அது. கருவியை வைத்திருப்போர் அதற்குப் பூட்டும் வைத்திருப்பர் என்பதற்கு இது சான்று.

ஆயினும் கருவிக்கு ஒரு குணம் உண்டு: அது பகைமையை அறியாது. 1713-இல் தரங்கம்பாடியில் லூத்தரன் மார்க்கத்தார் தமிழச்சு தொடங்கினர். ஜெர்மனியிலிருந்து எழுத்து வந்தது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவெய்திற்று. அதே ஆண்டு பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர். கத்தோலிக்கத் துறவியாகிய வீரமாமுனிவர் அவர்களோடு கடுமையாக வாதிட்டவர். கண்டன நூல்கள் எழுதியவர். அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணமோ 1738-இல் அச்சானது அந்தத் தரங்கம்பாடி அச்சகத்திலேதான்! பாதிரிமார் சண்டையிட்டனர், ஈய எழுத்துகள் சண்டையிடவில்லை.

அவ்வீரமாமுனிவரே நம் எழுத்தையும் திருத்தினார். எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும், ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவது புள்ளி. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுதுவோர் அதனை விட்டனர். "தம்பிரான் வணக்கம்" அச்சானபொழுதும் அவ்வேறுபாடு இல்லை. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அவர் அக்குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நாம் "மேல்" என்று எழுதும்போது மேற்சுழியிட்ட கொம்பு அவர் கொடை. அதே வழியில் 1935-இல் பெரியார் ஈ. வெ. ரா. "குடி அரசு" ஏட்டில் அச்சுக்கு எளிய எழுத்துகளைக் கையாண்டார். அவற்றுட் பல 1978-இல் தமிழக அரசின் ஏற்புப் பெற்று, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழக்காயின. ஒருவர் துறவி, மற்றொருவர் நாத்திகர். எழுத்து மக்களுக்கு எளிதாக வேண்டும் என்பதில் இருவர் வேலையும் ஒன்றே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அம்பலக்காட்டில் அச்சான அகராதியின் பிரதி ஒன்று வாத்திக்கன் நூலகத்தில் மறைந்து கிடந்தது. அதைக் கண்டு வெளிப்படுத்தியவர் தனிநாயக அடிகள். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த இக்கத்தோலிக்கக் குரு, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையின் தலைவராக இருந்தவர். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. அவ்வாண்டிலேயே அவ்வகராதியைப் படிமப் பதிப்பாக, மூல அச்சின் உருவம் மாறாமல், கோலாலம்பூரில் வெளியிட்டார். 1679-இல் மலையாள நாட்டில் அச்சாகி உரோமையில் உறங்கிய நூல் மலேசியாவில் விழித்தெழுந்தது. ஒரு பிரதி பிழைத்திராவிடின் யாதும் இல்லை. காப்பவர் ஒருவரும், படியெடுக்கும் கருவி ஒன்றும் இருந்தமையால் அது மீண்டது.

பேராக் மாநிலத்துக் கத்தோலிக்கத் தமிழர் கதை இத்தகைய பெருநூல்களில் ஏறவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பகான் செராயில் ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குரு தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஒரு குடியிருப்பை உருவாக்கினார். 1896-இல் அவரே மலாக்கா ஆயரானார். ஈப்போவில் சிலிபின் லூர்து மாதா ஆலயம் தமிழரின் கூடுமிடமாயிற்று. பால்மரத் தோட்டங்களிலோ பூசை வைக்கக் குருவானவர் எப்போதாவதுதான் வருவார். மற்றை ஞாயிறுகளில் உபதேசியாரோ, எழுத்தறிந்த பெரியவர் ஒருவரோ புத்தகம் பார்த்து ஜெபம் சொல்லுவார். ஏனையோர் மனனமாகப் பதில் சொல்லுவர். பூசை இலத்தீனில் நடந்தது. ஒரு கோயிலுக்கு ஒரு புத்தகம், ஒரு வாசகர், பல செவிகள். சவேரியார் காலத்து மணியும் கொல்லத்து அச்சும் ஒருங்கே நின்ற காட்சி அது.

வானொலி பிறந்ததும் திருச்சபை அதனை விட்டுவைக்கவில்லை. 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனியே அமைத்த வாத்திக்கன் வானொலியில் பதினோராம் பத்திநாதர் பேசினார். ஆனால் உண்மையான திருப்பம் 1963 டிசம்பர் 4 அன்று நேர்ந்தது. இரண்டாம் வாத்திக்கன் சங்கம் அன்று ஒரே நாளில் இரண்டு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று, வழிபாட்டில் மக்களின் தாய்மொழிக்கு இடம் தந்தது. மற்றொன்று, பத்திரிகை, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றைப் பற்றியது. மொழியும் கருவியும் ஒரே நாளில் அங்கீகாரம் பெற்றமை கருதத்தக்கது. தாய்மொழி இல்லாத கருவி வெறும் இரைச்சல். கருவி இல்லாத தாய்மொழி ஊர் எல்லையைத் தாண்டாது. பின்னர் மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி சிற்றலையில் தமிழும் பேசிற்று. அச்சிற்றலை 2018-இல் ஓய்ந்து, நிகழ்ச்சிகள் இணையத்துக்கு மாறின.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயிற் கதவுகள் அடைபட்டபொழுது, பூசை கைப்பேசித் திரைக்கு வந்தது. அக்காலம் கருவியின் வலிமையைக் காட்டியதோடு அதன் எல்லையையும் காட்டிற்று. திரையில் பூசையைப் பார்க்கலாம். நற்கருணையை வாங்க இயலாது. இணையத்தின் வழியே திருவருட்சாதனங்கள் இல்லை என்று திருச்சபை 2002-இலேயே கூறிவிட்டது. நோயாளிக்கு ஒரு கை, பசித்தவனுக்கு ஒரு பிடி சோறு, இறந்த வீட்டில் ஓர் ஆள் — இவற்றுக்கும் திரை ஈடாகாது. கருவியைப் பழிக்க இதனைச் சொல்லவில்லை. அதற்குரிய இடம் இன்னதென்று காட்டவே சொல்லுகிறோம். கணினியில் நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து வைத்துப் பதினைந்தாம் வயதில் 2006-இல் இறந்த இத்தாலியச் சிறுவன் கார்லோ அக்கூத்திஸ், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதன் எனப் பிரகடனம் பெற்றான். அவனும் திரையோடு நின்றவனல்லன்; வீடற்றோருக்கு உணவளித்தவன்.

இப்பொழுது நம் முன்னே உள்ள நிலை யாது? 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பால்மரம் செம்பனைக்கு இடம் தந்தது. தோட்டங்கள் பல துண்டாகி வீட்டுமனையாயின. மக்கள் ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் சித்தியவானுக்கும் சிதறினர். தோட்டத்துச் சிறு கோயில்களிற் பலவும் மக்களோடு போயின. எந்தக் கோயிலில் எந்தத் திருநாள், யார் உபதேசியார், என்ன பாட்டு என்பன முதியோர் நினைவிலேயே நிற்கின்றன. சிதறியோரைக் கைப்பேசிதான் புலனக் குழுக்களில் மீண்டும் ஒன்று சேர்த்திருக்கிறது. ஆனால் அங்கே நம் இளைஞர் ஜெபத்தையும் துக்கச் செய்தியையும் எவ்வாறு எழுதுகின்றனர்? தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில்! ஆங்கிலப் பள்ளியில் பயின்ற என்போன்றோரிடமே இவ்வழக்கம் மிகுதி. இஃது 1554-ஆம் ஆண்டின் லிஸ்பன் நூல் அல்லாது வேறென்ன? அன்று தமிழ் எழுத்து வார்க்க ஆளில்லை, அது மன்னிக்கத்தக்கது. இன்றோ, மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினியிலே தமிழ் எழுதும் முரசு மென்பொருளை ஆக்கத் தொடங்கி, பின்னர் கைப்பேசிக்கும் அதனைக் கொணர்ந்திருக்கிறார். நாம் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் ஒருசேர விடை கிடைத்திருக்கிறது: மொழி நமது, பொருள் நமது, கருவியும் நம் கையில். பரதவருக்கு வாய்க்காதது நமக்கு வாய்த்திருக்கிறது. வாய்த்தும் பிறர் உடையில் உலவுவோமாயின் குற்றம் யாருடையது?

தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதுபவன் அறிந்த விதி ஒன்று உண்டு: செக்ரோலில் ஏறாத நாளுக்குக் கூலி இல்லை. சரித்திரத்தின் விதியும் அதுவே. கையில் உள்ள கைப்பேசியைக் கொண்டு தோட்டக் கோயிலின் பழம் புகைப்படத்தைப் படியெடுங்கள். பாட்டியின் குரலில் பழைய ஜெபத்தைப் பதிந்து வையுங்கள். அதனடியில் ஊரும் ஆண்டும் பேரும் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். கத்தோலிக்கருக்கு மட்டுமன்று, மாரியம்மன் கோயிலாருக்கும் பள்ளிவாசலாருக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு பிரதி பிழைத்ததனால் ஓர் அகராதி 287 ஆண்டுகளுக்குப் பின் உயிர் பெற்றது. நம் தோட்டங்களுக்கு அந்த ஒரு பிரதியேனும் இருத்தல் வேண்டும்.