பாடம் போற்றல்

பாடம் போற்றல் என்பது கற்ற பகுதியை மறவாதபடி பலமுறை ஓதிப் பேணும் மரபுவழிக் கல்விப் பயிற்சியாகும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பொதுப்பாயிரத்தில், வழக்கறிதல், கேட்டவற்றைச் சிந்தித்தல், உடன் பயில்வோரோடு பழகுதல், வினவுதல், வினவியவற்றுக்கு விடையளித்தல் முதலியவற்றோடு இதனையும் சேர்த்துக் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டவனுக்கும் புலமையில் கால்பங்கே வாய்க்கும் என்றும், உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு கால்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் அந்நூல் வகுப்பது கூர்மையான கணிப்பாகும். ஏனெனில், பிறர்க்கு எடுத்துரைக்கக் கற்றதை நினைவிலிருந்து மீட்க வேண்டும்; உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்துக்குப் பின் மிகுதியாக நினைவுகூர்ந்தனர்.

திண்ணைப் பள்ளிகளில், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். மாலையில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, பறவை, விலங்கு ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்பி மறுநாள் கேட்கும் வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் பதிவு செய்துள்ளார்.

கரிசல் வட்டாரத்தில், நன்னூல் கூறும் உடன்பயிலலுக்குச் சிறந்த சான்று கோவில்பட்டியை அடுத்த இடைசெவலாகும். அவ்வூரில் பிறந்து நண்பர்களாக வளர்ந்த கு. அழகிரிசாமியும் (1923–1970), எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கல்வி பெறாத கி. ராஜநாராயணனும் (1923–2021) வாசிப்பையும் இசையையும் பகிர்ந்துகொண்டு எழுத்தாளர்களாயினர். பிரிந்து வாழ்ந்த காலத்தில் கடிதங்கள் வழியே அவ்வுரையாடலைத் தொடர்ந்தனர். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர்.