ஐந்து பெயர்களில் தொடங்கிய ஏலம்

1879 செப்டம்பர் மாதக் கடைசியில், அமெரிக்காவின் பஃபலோ நகரில் பேஸ்பால் அணிகளின் முதலாளிகள் கூடிப் பேசினார்கள். ஆட்டம் நடத்தி நடத்திக் கை நட்டம்தான் மிஞ்சியது. வசூலில் பெரும்பகுதி வீரர்களின் சம்பளத்துக்கே போனது. சீசன் முடிந்ததும், நன்றாக ஆடியவர்கள் கூடுதல் சம்பளம் தரும் ஊரைத் தேடிப் போய்விடுவார்கள். அவர்களைப் பிடித்து வைக்கச் சம்பளத்தை ஏற்றியே ஆக வேண்டும். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் அந்தக் கூட்டம். ஒவ்வோர் அணியும் ஐந்து பெயர்களை எழுதித் தரலாம், அந்த ஐவரிடம் மற்ற அணிகள் பேச்சே கொடுக்கக் கூடாது என்று ரகசியமாக ஒப்புக்கொண்டார்கள். பெயர் எழுதப்பட்ட வீரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விஷயம் வெளியே கசிந்தபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஐவரில் ஒருவராக இருப்பதைக் கௌரவமாக நினைத்த வீரர்களும் இருந்தார்கள். வேலை உறுதி, அணிக்கு நாம் முக்கியம் என்ற எண்ணம். ஆனால் ஐந்து நான்கே ஆண்டுகளில் பதினொன்றாகி, பிறகு பதினான்கும் ஆனது. ஏறத்தாழ மொத்த அணியும் பட்டியலுக்குள் வந்துவிட்டது. ஒப்பந்த ஆண்டு முடிந்தாலும் வீரர் அந்த அணிக்கே சொந்தம். அணி நினைத்தால் வைத்துக்கொள்ளும், நினைத்தால் விற்கும். ஜான் வார்டு என்ற வீரர் சட்டம் படித்தவர். அவர் சக வீரர்களைத் திரட்டி 1890இல் வீரர்களுக்கென்றே தனி லீக் ஒன்றைத் தொடங்கினார். அது ஒரே சீசனில் மூடப்பட்டது. முதலாளிகள் மேலும் பலமானார்கள்.

இந்த ஏற்பாட்டில் யாரும் எதிர்பாராத ஒன்று முளைத்தது. அமெரிக்காவின் வடக்கே குளிர்காலத்தில் பேஸ்பால் ஆட முடியாது. ஆனால் வீரர்களை விற்பதும் வாங்குவதும் அந்த மாதங்களில்தான் மும்முரமாக நடக்கும். கிராமத்து மளிகைக் கடையில் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு, யார் எந்த அணிக்குப் போகிறார் என்பதே பேச்சானது. ஆட்டம் இல்லாத காலத்திலும் ரசிகன் ஆட்டத்தோடு இருக்கப் பழகினான். அடுப்படிப் பேச்சுக்குத் தீனி போட ஒரு பெரிய விற்பனை வர வேண்டியிருந்தது. 1919 டிசம்பர் 26 அன்று வந்தது.

பாஸ்டன் அணியின் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸீ நாடகத் தயாரிப்பாளரும்கூட. அவருக்குப் பணமுடை. அணியின் தலைசிறந்த வீரர் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதுவரை ஒரு கோப்பைகூட வெல்லாத யாங்கீஸ் 1923இல் முதல் கோப்பையை வென்றது, பிறகு நிற்கவே இல்லை. 1918இல் வென்றிருந்த பாஸ்டனுக்கு அடுத்த கோப்பை 2004இல்தான் கிடைத்தது. 86 ஆண்டுகள். தாத்தா காலத்துக் கோபத்தைப் பேரன் சுமந்தான். விற்றவரை ஊரே திட்டியது. விற்கப்பட்டவருக்கு அந்த விற்பனையில் என்ன உரிமை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின.

கேட்டவர் கர்ட் ஃபிளட். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு சீசன் ஆடிய கறுப்பின வீரர். 1969 அக்டோபரில் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியாகிவிட்டது என்றது எதிர்முனை. புது அணி ஒரு லட்சம் டாலர் தரத் தயாராக இருந்தது. பழைய சம்பளத்தைவிட அது அதிகம். ஃபிளட் மறுத்தார். தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்பதற்குத் தான் சொத்து அல்ல என்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். வழக்குப் போட்டார். 1970 சீசன் முழுக்க ஆடவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இடையில் வாஷிங்டன் அணிக்கு ஆடிய 13 ஆட்டங்களோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. தோற்ற மனிதரின் கதையாகவே இது நின்றிருக்கும், ஒரு முதலாளி காப்பீட்டுப் பணத்தைக் கட்டாமல் விட்டிருக்காவிட்டால்.

ஓக்லண்ட் அணியின் பந்துவீச்சாளர் கேட்ஃபிஷ் ஹண்டருக்குச் சம்பளம் ஒரு லட்சம் டாலர். அதில் பாதியை அவர் பெயரில் காப்பீட்டுத் திட்டத்தில் செலுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். உரிமையாளர் சார்லி ஃபின்லி செலுத்தவில்லை. 1974 டிசம்பரில், ஒப்பந்தம் முறிந்தது, ஹண்டர் சுதந்திர மனிதர் என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் முடிவு சொன்னார். உடனே பேஸ்பால் உலகமே வட கரோலினாவின் அஹோஸ்கி என்ற சிற்றூரை நோக்கி ஓடியது. ஹண்டரின் வழக்கறிஞர் அலுவலகம் அங்கே இருந்தது. பெரிய நகரத்து அணிகளின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தச் சிற்றூர் அலுவலகத்தில் வந்து நின்று விலை சொன்னார்கள். ஆண்டின் கடைசி நாளில் யாங்கீஸ் அவரைப் பிடித்தது, முப்பது லட்சம் டாலருக்கும் மேல். திறந்த சந்தையில் ஒரு வீரனின் மதிப்பு என்ன என்று அன்றுதான் வீரர்களுக்கே தெரிந்தது. மறு ஆண்டு டிசம்பர் 23 அன்று, மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இருவர் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரரை அணி கட்டிவைக்க முடியாது என்று அதே சைட்ஸ் தீர்ப்பளித்தார். முதலாளிகள் அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை.

இனி பணக்கார அணி எல்லாரையும் வாங்கிக் குவிக்குமே என்ற பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு மருந்தாக, புது வீரர்களை வரிசைப்படி பங்கிடும் முறை அமெரிக்கக் கால்பந்தில் 1936 முதலே இருந்தது. தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. அதற்காகவே வேண்டுமென்று தோற்கிறார்கள் என்ற சந்தேகம் எழ, 1985இல், அதே முறையைப் பின்பற்றிய கூடைப்பந்து லீக் சீட்டுக் குலுக்கலுக்கு வந்தது. கண்ணாடி உருளைக்குள் ஏழு உறைகள். ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு எடுத்தார். புது வீரர் பாட்ரிக் யூவிங் நியூயார்க்குக்குப் போனார். ஓர் உறையை மட்டும் முன்பே குளிரவைத்து அடையாளம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் இந்தச் சந்தேகத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டிருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது பகுதிகளிலிருந்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட வேண்டும். பெரியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காண மேலே தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! குளிர்ந்த உறை என்ற பேச்சுக்கே இடம் தராத ஏற்பாடு. உத்திரமேரூர் பிறகு இந்தக் கதையில் வேறு வழியாக நுழைந்தது. அதற்கு முன் இந்தியாவில் ஒரு டிவி முதலாளிக்கு ஏமாற்றம் நேர வேண்டியிருந்தது.

கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை கைநழுவிய ஜீ குழுமத்தின் சுபாஷ் சந்திரா, 2007இல் ஐசிஎல் என்று சொந்தமாகவே ஒரு லீக் தொடங்கினார். அதன் முதல் போட்டித் தொடரை வென்றது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் என்ற அணி. இன்று அந்தப் பெயரை நினைவு வைத்திருப்பவர் அரிது. ஆடியவர்களுக்குக் கிரிக்கெட் வாரியம் கதவை அடைத்தது, கையோடு ஐபிஎல் என்ற போட்டி லீக் ஒன்றையும் அறிவித்தது. அறிவித்த சில நாளில், செப்டம்பர் 24 அன்று, தோனியின் இளம் அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. லீக்கை வடிவமைத்த லலித் மோதி அமெரிக்காவில் படித்தவர், அந்த ஊர் லீக்குகளைப் பார்த்தவர். ஆனால் அமெரிக்கர்கள் வீரர்களை வரிசைப்படி பங்கிட்ட இடத்தில், இவர்கள் மேடை போட்டு, சுத்தியல் வைத்து, டிவியில் ஏலமே விடத் துணிந்தார்கள்.

2008 பிப்ரவரி 20. மும்பை ஹில்டன் டவர்ஸ் ஓட்டல். பிரிட்டனில் பழம்பொருள் ஏலம் விட்டுப் பழகிய ரிச்சர்ட் மேட்லி சுத்தியல் பிடித்தார். ஒவ்வோர் அணிக்கும் பர்ஸ் 50 லட்சம் டாலர். மும்பைக்கு சச்சின், பெங்களூருக்கு டிராவிட், கொல்கத்தாவுக்கு கங்குலி என்று ஐந்து அணிகளுக்கு ஏலத்துக்கு முன்பே சொந்த மண்ணின் நட்சத்திரம் கிடைத்துவிட்டார். அவர்கள் ‘ஐகான்’ வீரர்கள். அணியில் அதிக விலைக்குப் போனவரைவிட 15 சதவீதம் கூடுதலாக அவர்களுக்குத் தர வேண்டும். இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சென்னைக்கு ஐகான் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து அந்த உயரத்தில் ஒருவர் இல்லையே என்று அன்று அது குறையாகத் தெரிந்தது.

தோனியின் பெயர் வந்தது. அடிப்படை விலை நான்கு லட்சம் டாலர். விலை பத்து லட்சத்தைத் தாண்டியும் மும்பை விடவில்லை. பதினைந்து லட்சம் என்றது சென்னை. அதே விலைக்கு மும்பை தோனியை வாங்கினால் சச்சினுக்கு 17.25 லட்சம் தர வேண்டும். இரண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல் போய்விடும். மீதிப் பணத்தில் அணி கட்ட முடியாது. மும்பை பின்வாங்கியது, சுத்தியல் விழுந்தது. குறையாகத் தெரிந்ததுதான் தோனியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அதே நாளில் ஆறரை லட்சத்துக்கு ரெய்னா, ஆறு லட்சத்துக்கு முரளிதரன். ராஞ்சிக்காரர் ஒருவரைத் தமிழ்நாடு ‘தல’ என்று தலையில் வைத்துக் கொண்டாடப்போவது அன்று அந்த அறையில் எவருக்கும் தெரியாது.

ஏலத்தில் எல்லாரையும்விடக் குறைவாகச் செலவழித்த ராஜஸ்தான், ஷேன் வார்ன் தலைமையில் இறுதியாட்டத்தில் சென்னையைச் சாய்த்தது. அந்த அணியில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ரவீந்திர ஜடேஜா. அணியிலிருந்து விடுபடாமலே மும்பையோடு பேசினார் என்பதற்காக, 2010இல் அவரை ஓராண்டு ஆடவிடாமல் தடுத்தது ஐபிஎல். பஃபலோ கூட்டத்தின் நிழல் 131 ஆண்டு கழித்து ஜாம்நகர்ப் பையன்மேல் விழுந்தது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. விதி விதிதான். ஆனாலும் அவன் கேட்டதும் ஃபிளட் கேட்டதும் வேறு வேறல்ல.

2012 பெங்களூர் ஏலத்தில் ஜடேஜாவின் பெயர் வந்தபோது சென்னையும் டெக்கான் அணியும் உச்ச வரம்பான 20 லட்சம் டாலர்வரை வந்து முட்டிக்கொண்டன. மேலே கூவ வழியில்லை. இரு அணிகளும் தாளில் ரகசியத் தொகை எழுதித் தந்தன. சென்னை எழுதியது பெரிது. 2023 மே மாதம், அகமதாபாத்தில் மழையால் நள்ளிரவைத் தாண்டிய இறுதியாட்டம். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா அடித்தது சிக்ஸர், பிறகு நான்கு. ஐந்தாவது கோப்பை. ‘தளபதி’ ஜடேஜாவை அணி கைவிடும் என்று அன்று எவனாவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்கள்.

2024 அக்டோபர் 31 அன்று தக்கவைக்கும் பட்டியலைச் சென்னை தந்தது. ருதுராஜ், ஜடேஜா, பதிரனா, துபே, தோனி. ஐந்து பெயர்கள்! தோனிக்கு நான்கு கோடிதான். சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டு ஆனவரைச் சர்வதேச ஆட்டம் ஆடாதவராகக் கணக்கிடும் பழைய விதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். அடுத்த சீசனில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. 2025 நவம்பர் 15 அன்று செய்தி வந்தது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு.

நவம்பரில் உத்திரமேரூர் பக்கம் ஆட இடம் கிடையாது. ஏரியில் தண்ணீர், கழனியில் சம்பா, கோயில் திடலில் சேறு. மட்டையைப் பரண்மேல் போட்டவர்களுக்கு மிச்சம் இருப்பது பேச்சுதான். பேருந்து நிலையத்து டீக்கடைகளில் அந்த வாரம் அதே பேச்சு. பதினெட்டு கோடிக்கு சாம்சன் தகுமா? விக்கெட் கீப்பர் வந்தாச்சு, அப்போ தல இதோட முடிச்சுக்கிறாரா? ஜடேஜாவ பதினாலு கோடின்னு கொறைச்சு அனுப்பினது நியாயமா? அமெரிக்க மளிகைக் கடை அடுப்பைச் சுற்றிய அதே குளிர்காலப் பேச்சு, இங்கே மழைக்காலத்தில் பாய்லரைச் சுற்றி.

அந்தக் கோபத்தின் நடுவே பலரும் கவனிக்காத ஒரு வரி விதிப் புத்தகத்தில் உண்டு. ஐபிஎல்லில் ஒரு வீரரை வேறு அணிக்கு மாற்ற, அந்த வீரரின் சம்மதம் வேண்டும். ஜடேஜா சரி என்று சொல்லாமல் அந்த டிரேட் நடந்திருக்காது. ஃபிளட் தன் ஆட்டத்தையே விலையாகக் கொடுத்துக் கேட்டது அந்த ஒரு ‘சரி’யைத்தான். ஏலத்தில் மட்டும் அது இன்னும் வரவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டால் எந்த ஊர் என்று தேர்வு செய்ய வீரனுக்கு உரிமை இல்லை. அந்த டிரேடுக்கு அடுத்த மாதம், அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களைச் சென்னை தலா 14.20 கோடிக்கு எடுத்தது. சர்வதேச ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர்கள்.

பொங்கலுக்குப் பிறகு தரை காய்ந்ததும் கிராமங்களில் டென்னிஸ் பந்துப் போட்டிகள் தொடங்கும். முன்பெல்லாம் பக்கத்து ஊரிலிருந்து நல்ல பந்துவீச்சாளரைப் பிரியாணிக்கும் பெட்ரோலுக்கும் அழைத்து வருவதோடு சரி. இப்போது பல ஊர்களில் ‘ப்ரீமியர் லீக்’ என்று பிளெக்ஸ் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏலமே நடக்கிறது. பணத்துக்குப் பதில் புள்ளிகள், அணிக்கு இத்தனை புள்ளி என்று பர்ஸ். மைக்கில் பெயர் வாசிக்க, கட்டிட வேலைக்குப் போகிறவரும் ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவரும் விலைபோகிறார்கள். ஏலத்துக்கு வராமல் அணிக்கு நேராகப் போகும் ஒருவரின் படம் மட்டும் பிளெக்ஸில் பெரிதாக இருக்கும். அதன் கீழே தமிழ் எழுத்தில் ‘ஐகான் பிளேயர்’ என்று போட்டிருப்பார்கள்.