மணிலாவின் ஜீப்னி: ஒரு போர்க்கால அச்சின் சமூக வரலாறு

உற்பத்திச் சாதனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு சாதனம் உடைந்தபோது அதைக் கழற்றி, தேய்ந்த உறுப்பை நீக்கி, வேறொரு தேவைக்கு ஏற்றவாறு மீண்டும் பொருத்தியவர்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. இரண்டாம் உலகப் போரின் முடிவிலே ஐக்கிய அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸ் தீவுகளில் விட்டுச்சென்ற ஜீப் வண்டிகள், 'ஜீப்னி' எனும் பொதுமக்கள் வாகனமாக மாறிய கதை இக்குறையை உணர்த்தவல்லது. ஜீப்னி என்றதும் அதன் மேற்கூட்டில் தீட்டப்பட்ட வண்ணச் சித்திரங்களே பலருக்கு நினைவுக்கு வரும். ஆயினும் அதன் வரலாற்றை அறிய விரும்புவோர் வண்டியின் அடிப்பாகத்தையே முதலில் நோக்குதல் வேண்டும்.

1940ஆம் ஆண்டில் ஐரோப்பியப் போர் விரிவடைந்துகொண்டிருந்த வேளையில், நான்கு சக்கரங்களாலும் இயங்கும் இலகுவான வண்டியொன்றை ஐக்கிய அமெரிக்கப் படை வேண்டி நின்றது. பான்டம் என்னும் சிறிய கம்பனி, கார்ல் புரொப்ஸ்ட் என்னும் பொறியியலாளரின் துணையுடன், படை விதித்த 49 நாள் தவணைக்குள் முதல் மாதிரியைச் செய்து அவ்வாண்டு செப்டெம்பரிற் கையளித்தது. எனினும் பெருந்தொகை உற்பத்தி வில்லீஸ், போர்ட் ஆகிய கம்பனிகளுக்கே சென்றது. 1945 வரையில் இவ்விரண்டும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. படையின் வகைப்பாட்டில் இது ஒரு 'கால் தொன் லொறி' ஆகும்.

பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வண்டியின் இயக்க அமைப்பை ஓரளவு அறிதல் இன்றியமையாதது. எஞ்சினின் வலு முதலிற் கியர்ப் பெட்டிக்கும், அதன் பின்னே இணைக்கப்பட்ட மாற்றுப் பெட்டிக்கும் செல்லும். மாற்றுப் பெட்டி அவ்வலுவைப் பிரித்து, இரு சுழல் தண்டுகளின் வழியே முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் அனுப்பும். ஒவ்வோர் அச்சிலும் 8 பற்களையுடைய சிறு சக்கரம் 39 பற்களையுடைய பெருஞ்சக்கரத்தைச் சுழற்றும். தண்டு ஏறத்தாழ ஐந்து முறை சுழல, வண்டிச் சக்கரம் ஒரு முறை சுழலும்; வேகம் குறைய இழுவலு பெருகும். முன்னச்சின் நிலையோ இன்னுஞ் சிக்கலானது. முன்சக்கரங்கள் இடமும் வலமும் திரும்புதல் வேண்டும். திரும்பிய நிலையிலும் வலுவைப் பெறுதல் வேண்டும். இதற்கென அவ்வச்சின் இரு முனைகளிலும் கோள வடிவான உறைகளுக்குள்ளே சிறப்பு மூட்டுகள் அமைக்கப்பட்டிருந்தன. மிக நுண்ணிய அளவுகளுடன் செய்யப்பட வேண்டிய உறுப்புகள் இவை.

போர்க்களத்திற் பழுதடையும் வண்டி அங்கேயே திருத்தப்படல் வேண்டும் என்பது படையின் தேவை. ஆதலின் வில்லீஸ் வண்டியின் உறுப்பைப் போர்ட் வண்டியிலும் பொருத்தத்தக்கவாறு அளவுகள் ஒருமைப்படுத்தப்பட்டன. பின்னச்சின் அமைப்பும் இந்நோக்கத்துக்கு உதவிற்று. வண்டியின் பாரத்தை அச்சின் வெளிக்குழாய் தாங்கியது. உள்ளிருந்த அரைத்தண்டு சுழற்சியை மாத்திரம் கடத்தியது. அரைத்தண்டு முறிந்தால், சக்கரத்தைக் கழற்றாமலே சில ஆணிகளை நீக்கி அதனை வெளியே இழுத்து, புதியதொன்றைச் செலுத்திவிடலாம். போரின் அவசரத்துக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடே போருக்குப் பின்னர் வறியவரின் கைமுதலாயிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1945 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மணிலா நகருக்காக நடந்த சண்டையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பொதுமக்கள் மாண்டனர். நகரின் ட்ராம் சேவை அழிந்தது. அது மீண்டும் நிறுவப்படவேயில்லை. வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் மக்களுக்கு வாகனமில்லை. படை முகாம்களிலோ தேவைக்கு மிஞ்சிய ஜீப்புகள் நின்றன. போருக்கு முன்பே 'ஆட்டோ கலேசா' எனப்பட்ட சிறு வாடகை வண்டிகளிற் பலர் சேர்ந்து பயணஞ் செய்யும் வழக்கம் அந்நகரில் இருந்தமையால், ஜீப்பை அப்பணிக்குத் திருப்புதல் மக்களுக்கு இயல்பாகவே தோன்றியது.

இம்மாற்றத்தின் அரசியற் பின்னணியையும் மறத்தலாகாது. பிலிப்பைன்ஸ் 1946 யூலை 4ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய புனர்வாழ்வுச் சட்டம், 10 கோடி டொலர் பெறுமதியான மேலதிகப் பொருட்களை அந்நாட்டுக்குக் கையளிக்க வழிசெய்தது. ஆனால், 500 டொலருக்கு மேற்பட்ட போர் நட்டஈடுகளை முழுமையாகப் பெறவேண்டுமாயின், நாட்டின் இயற்கை வளங்களைப் பயன்படுத்துவதில் அமெரிக்கருக்குச் சமவுரிமை அளிக்கும் வர்த்தக ஏற்பாட்டைப் பிலிப்பைன்ஸ் ஏற்கவேண்டியிருந்தது. 1947இல் அதற்காக அரசியலமைப்பே திருத்தப்பட்டது. ஒரு கையாற் பழைய வண்டிகளைக் கொடுத்தவர்கள் மறு கையால் எதைப் பெற்றனர் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

எனினும், கொடுக்கப்பட்ட வண்டி கொடுத்தவர்களின் எண்ணப்படி நிலைக்கவில்லை. பழுதடைந்த இரு வண்டிகளிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை ஆக்குவதற்கு உறுப்புகளின் ஒருமைப்பாடு துணைநின்றது. ஒரு சிலரை ஏற்றுவதற்கென அமைந்த வண்டியிற் பலரை ஏற்ற, சட்டகம் நீட்டப்பட்டது. பின்புறத்தில் இரு நீள் இருக்கைகள் எதிரெதிராக அமைக்கப்பட்டன. சட்டகம் நீண்டாற் சுழல் தண்டும் நீளவேண்டும். ஆனால் நீண்ட தண்டு வேகமாகச் சுழலும்போது வளைந்து அதிரும் இயல்பினது. அதனை இரு துண்டுகளாக்கி நடுவிலே தாங்கியொன்றைப் பொருத்துவதே இதற்குரிய வழி. பாரம் அதிகரிக்க, வில்லுத் தகடுகளும் வலுப்பெறுதல் வேண்டும். சேற்று நிலத்துக்கென அமைந்த முன்னச்சு இயக்கம் நகர வீதிக்கு வேண்டாத சுமை. அதன் மூட்டுகள் தேய்ந்தால் மாற்றுறுப்புக்குச் செலவு மிகும், எரிபொருளும் வீணாகும். காலப்போக்கில் ஜீப்னி பின்சக்கரங்களால் மாத்திரம் இயங்கும் வண்டியாயிற்று. போர் வண்டியின் தனிச்சிறப்பெனக் கருதப்பட்ட உறுப்பையே பட்டறைத் தொழிலாளர் கழற்றி வைத்தனர். எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே எதை நீக்குவது என்பதும் தொழில் அறிவின்பாற்பட்டதே.

இப்பட்டறைகளிலிருந்து ஒரு தேசியக் கைத்தொழில் தோன்றியது. முன்னர் குதிரை வண்டி ஓட்டியவரும் பின்னர் மெக்கானிக்காகப் பணியாற்றியவருமான லெயொனார்டோ சராவோ, 1953இல் லாஸ் பின்யாஸ் என்னுமிடத்திற் சிறு முதலுடன் தமது பட்டறையைத் தொடங்கினார். அது நாளடைவில் நாட்டின் புகழ்பெற்ற ஜீப்னித் தொழிற்சாலையாக வளர்ந்தது. போர்க்கால ஜீப்புகள் அருகியபின், மேற்கூட்டையும் சட்டகத்தையும் உள்நாட்டிலேயே செய்து, யப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சின்களையும் அச்சுகளையும் பொருத்தும் வழக்கம் பெருகியது.

இவ்வளர்ச்சியைப் போற்றுங்கால் அதன் குறைகளை மூடிமறைத்தல் வரலாற்று நெறியாகாது. எஞ்சினுக்காகப் பிறநாட்டை எதிர்பார்க்கும் நிலை நீங்கவில்லை. அமெரிக்காவின் இடத்தை யப்பான் பெற்றது. சாரதிகளிற் பெரும்பாலோர் வண்டிக்கு உடைமையாளருமல்லர். 'பவுண்டரி' எனப்படும் நாள் வாடகையை உரிமையாளருக்குச் செலுத்தி, எரிபொருட் செலவும் போக எஞ்சியதையே அவர்கள் கூலியாகப் பெற்றனர். பழைய டீசல் எஞ்சின்களின் புகை நகர மக்களின் நுரையீரலையும் சாரதியின் நுரையீரலையும் ஒருங்கே கெடுத்தது.

2017இற் பிலிப்பைன்ஸ் அரசு ஆரம்பித்த நவீனமயமாக்கற் திட்டம் இக்குறைகளையே காரணங்காட்டியது. 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை அகற்றிப் புதியனவற்றைச் சேர்க்கவும், தனி உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களிலோ கம்பனிகளிலோ இணையவும் அத்திட்டம் பணித்தது. புதிய வண்டியொன்றின் விலை 20 இலட்சம் பெசோவையும் தாண்டியது. இக்கடனை யார் தாங்குவது எனக் கேட்டுச் சாரதிகள் 2023இல் வேலைநிறுத்தஞ் செய்தனர். இணைவதற்கான தவணை பலமுறை நீடிக்கப்பட்டு, 2024 ஏப்ரல் 30 எனவும் விதிக்கப்பட்டது.

தூய காற்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இப்பிணக்கில் அடங்கியுள்ள வினா புகையைப் பற்றியது மட்டுமன்று. 1945இன் வண்டியைச் சாதாரண பட்டறைத் தொழிலாளி திறந்து பார்க்க முடிந்தது. அதன் அளவுகளை அறிந்து, உறுப்புகளை மாற்றி, தன் மக்களின் தேவைக்கேற்ப அதனை மறுபடி படைக்கவும் முடிந்தது. புதிய வண்டியை வாங்குபவன் அதன் கடனைச் சுமக்கின்றான். அதனைத் திருத்தும் அறிவும் உரிமையும் அவனிடம் இருக்குமா என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. ஒரு சமுதாயம் தான் பயன்படுத்தும் சாதனத்தைத் திருத்தவல்லதாக இருக்கும் வரையிலேயே அச்சாதனம் அதற்கு உண்மையில் உடைமையாகின்றது. ஜீப்னியின் அச்சு உணர்த்தும் வரலாற்றுப் பாடம் இதுவேயாகும்.