திரில்லர் படத் தொடக்கம் (மாணவர் செய்முறை)

இங்கிலாந்தின் ஓசிஆர் தேர்வு வாரியம் 2008இல் அறிமுகப்படுத்திய ஏ.எஸ். நிலை ஊடகவியல் பாடத்திட்டத்தின் செய்முறைப் பணிகளுள் ஒன்று, புதிய கதைப்படம் ஒன்றுக்கான டைட்டிலையும் தொடக்கக் காட்சியையும் எடுப்பதாக இருந்தது. பலர் இதற்குத் திரில்லர் வகையைத் தேர்ந்தனர். நீளம் 2 நிமிடங்களுக்கு மேற்படக்கூடாது என்பது விதியாக இருந்தது. குழுவில் நால்வர் வரை இருக்க முடிந்தது.

முன்பயிற்சி: ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவர் எதிரே அமர்ந்து சில வார்த்தை பேசும் காட்சியை முதலில் எடுக்க வேண்டியிருந்தது. செயல் தொடர்ச்சி, எதிரெதிர் ஷாட், 180 பாகை விதி (இருவருக்கும் இடையிலான கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமராவை வைப்பது) ஆகியவை இதில் பழகப்பட்டன.

ஆக்கம்: திரில்லர் தொடக்கத்தின் வேலை கதையைச் சொல்லி முடிப்பதல்ல, கேள்வியை எழுப்புவது. முகத்தை மறைத்துக் கைகளை மட்டும் காட்டும் அண்மைக் காட்சி, குறைந்த ஒளி, திரைக்கு வெளியிலிருந்து வரும் ஓசை ஆகியன இதற்கு உதவும். கைல் கூப்பர் வடிவமைத்த ‘செவன்’ (1995) படத்தின் டைட்டில் சிறந்த முன்மாதிரி.

மதிப்பீடு: மொத்தம் 100 மதிப்பெண்; ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஆக்கத்துக்கு 60, மாணவரின் தன்மதிப்பீட்டுக்கு 20. வகைமை மரபு, சமூகக் குழுக்களின் சித்திரிப்பு, விநியோக நிறுவனம், பார்வையாளர் யார், அவர்களை ஈர்த்த விதம், தொழில்நுட்பம், முன்பயிற்சிக்குப் பின் கண்ட வளர்ச்சி என ஏழு கேள்விகளுக்கு மாணவர் தன்மதிப்பீட்டில் விடையளித்தனர். தம் படத்தைப் புகழ்வதைவிட, ஒவ்வொரு ஷாட்டும் ஏன் வைக்கப்பட்டது என்பதைச் சான்றுடன் விளக்குவதே நல்ல தன்மதிப்பீடு.