எதிர்த்திசையில் ஒரு படியெடுப்பு

செல்லுக்குள் மரபுச்செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கும், அங்கிருந்து புரதத்துக்கும் செல்கிறது என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். 1958இல் இதை மையக் கோட்பாடு என எழுதிய பிரான்சிஸ் கிரிக், புரதத்தை அடைந்த செய்தி மீளாது என்றுதான் சொன்னார். பாடநூல்களோ முழுவதையும் ஒருவழிப் பாதையாக்கிவிட்டன. அந்தப் பிழையான வாசிப்புக்கு விலை கொடுத்தவர் ஹோவர்ட் டெமின்.

கதை ஒரு கோழியில் தொடங்குகிறது. 1911இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் பெய்டன் ரௌஸ், கோழியொன்றின் புற்றுக்கட்டியை அரைத்து, செல்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்நீரை வேறு கோழிகளுக்கு ஏற்றினார். அவற்றுக்கும் புற்று வந்தது. இதற்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஆண்டு 1966. ரௌஸின் வயது 87!

ரௌஸின் வைரஸ் ஆர்.என்.ஏ.வால் ஆனது. ஆனால் அது தொற்றிய செல்லின் சந்ததிகள் தலைமுறை தலைமுறையாகப் புற்றுச் செல்களாகவே பிறந்தன. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி என்னும் மருந்து, இவ்வைரஸின் பெருக்கத்தையும் நிறுத்தியது. எனவே வைரஸ் தன்னை டி.என்.ஏ.வாகப் பெயர்த்துக்கொண்டு செல்லின் மரபணுத் தொகுதியில் அமர்கிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டெமின் 1964இல் முன்மொழிந்தார். பெரும்பாலோர் நம்பவில்லை. அவருடைய சான்றுகள் மறைமுகமானவை என்பதும் உண்மையே. எதிர்த்தவர்களை மூடர்கள் எனச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

தேடிய நொதி வைரஸ் துகளுக்குள்ளேயே இருந்தது. 1970 ஜூனில் டெமினும் சதோஷி மிசுதானியும் ஒரு கட்டுரையிலும், எம்.ஐ.டி.யின் டேவிட் பால்டிமோர் தனியே மற்றொன்றிலும், நேச்சர் இதழின் ஒரே இதழில் இதை அறிவித்தனர். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. 1975இல் டெமின், பால்டிமோர், டல்பெக்கோ மூவருக்கும் நோபல் கிடைத்தது. சோதனையில் உடனிருந்த மிசுதானியின் பெயர் அதில் இல்லை.

இந்த அறிவு கைவசம் இருந்ததால்தான், 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் நோயாளியின் திசுவிலிருந்து வளர்த்த செல்களில் இந்நொதியின் செயல்பாட்டை அளந்து, பின்னாளில் எச்.ஐ.வி. எனப் பெயர் பெற்ற வைரஸை அடையாளம் காண முடிந்தது. அது மனிதரின் சிடி4 வெள்ளணுவுக்குள் நுழைந்து, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. இன்டெக்ரேஸ் என்னும் மற்றொரு நொதி அப்படியை நம் குரோமோசோமில் ஒட்டவைக்கிறது. அதன்பின் செல் தன் சொந்த மரபணுவைப் படிப்பதுபோலவே அதையும் படித்து, புதிய வைரஸ்களை உற்பத்தி செய்கிறது. படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் வழக்கமில்லை. வைரஸ் ஓயாமல் உருமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டெமின் தம் கருதுகோளை எழுதிய அதே 1964இல், புற்றுநோய்க்கென ஜெரோம் ஹார்விட்ஸ் உருவாக்கிய ஒரு சேர்மம் பயனற்றதென ஒதுக்கப்பட்டது. 1987இல் எய்ட்ஸுக்கு எதிராக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முதல் மருந்தான ஏ.இசட்.டி. அதுதான். வளரும் டி.என்.ஏ. இழையில் அது புகுந்தால் அடுத்த கண்ணியைக் கோக்க இடமிருக்காது. ஆனால் முன்பே குரோமோசோமில் ஒட்டிக்கொண்ட படியை அதுவோ, அதன்பின் வந்த கூட்டு மருந்துகளோ அகற்றுவதில்லை. உறங்கும் செல்களில் அது காத்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே வைரஸ் இரத்தத்தில் மீண்டும் தென்படுகிறது.