மலையே சோதனைக்களம்

மலைவண்டியின் பிறேமையும் போர்க்கையும் முதலிற் சோதித்தது ஆய்வுகூடமன்று, மலையே என்பேன். 1976 அக்டோபர் 21 இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 'றீபாக்' இறக்கப் போட்டி தொடங்கியது. இளைஞர்கள் ஓட்டியவை பழைய ஷ்வின் துவிச்சக்கரவண்டிகள். பின்சில்லுப் பிறேக்கின் கிறீஸ் சூட்டில் எரிந்துபோக, மீண்டும் அடைத்தனர்; போட்டியின் பெயரே அதுதான். கற்பாதையில் பிறேம்கள் உடைந்தன. உடைந்தால் விழுவது ஓட்டுநரே. அவர்களுள் ஒருவரான ஜோ பிறீஸ், 1977 இல் குரோம்-மொலி உருக்குக் குழாய்களால் மலைக்கென்றே புதிய பிறேமை அமைத்தார்.

போர்க்கின் முறை பின்னரே வந்தது. 1989 இல் போல் ரேணர் தொடங்கிய றொக்ஷொக்ஸ் நிறுவனம், காற்றும் எண்ணெயும் அதிர்வு தாங்கும் போர்க்கை உருவாக்கியது. 1990 இல் டுராங்கோ உலகச் சாம்பியன்சிப் போட்டியில் கிறெக் ஹேர்போல்ட் அதனுடனேயே இறக்க ஓட்டத்தில் வென்றார். விற்பனையாளர் சொல்லன்று, இறங்கி வந்த வண்டியே சாட்சி.